ஒன்பதாவது ஹெட்செட்

ஒன்பதாவது பெண் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "வணக்கம், ஆஸ்பத்திரி முன்பதிவு, சொல்லுங்க" என்றதுதான் தாமதம், என் செல்போனில் சுடலை அண்ணாச்சி அலறினார்.

"ஏளா இசக்கி, என்னத்தளா பண்ணுன? இவ்வளவு நேரம் மணி அடிச்ச மாதிரி கேட்டுக்கிட்டு இருந்திச்சி. இப்ப ஒண்ணும் வெளங்கல. கோழி கொத்துத மாதிரி இருக்கு."

"யாரு பேச்சு அண்ணாச்சி? கடைசியா வந்த பிள்ளையா?"

"எல்லாரு பேச்சும்தான்."

அண்ணாச்சி திருநெல்வேலி ஜங்ஷனில், எங்கள் தொலைபேசிக் கடையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் காயல்பட்டினத்தில் ஒரு வீட்டின் நீளமான உள்கூடத்தில் நின்றிருந்தேன். என் முன்னால் வரிசையாகப் பத்து நாற்காலிகள், பத்து ஹெட்செட்டுகள். ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், பேசிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடையிலிருந்து நான் ஓடவிட்டிருந்த பதிவுக்குரல் அவர்கள் காதில் சுத்தமாக விழுந்துகொண்டிருந்தது. இங்கிருந்து அங்கே போகிற பேச்சுதான் நொறுங்கியது. முதல் நாற்காலிக்காரி மீன் ஆணம், அதாவது மீன் குழம்பு, வைக்கும் பக்குவத்தை உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தாள். புளியை எப்போது கரைத்து ஊற்றுவது என்கிற முக்கியமான கட்டம். அண்ணாச்சிக்கு அதில் ஒரு சொல் போய்ச் சேரவில்லை.

பத்தாவது நாற்காலிக்குப் பக்கத்தில் ஜுலைகா லாத்தா ஹெட்செட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"என்ன இசக்கி, நானும் பேசட்டா?"

"கொஞ்சம் பொறுங்க லாத்தா" என்றேன். என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார்.

பத்து நாற்காலி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் இசக்கியம்மாள், ஊர் ஸ்ரீவைகுண்டம். இணையம் வழியாகப் பேசும் தொலைபேசிகளை அலுவலகங்களில் பொருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. பொம்பளைக்கு எதற்கு ஏணியும் கம்பியும் என்று கேட்டவர்களைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதித் தீர்த்துவிட்டேன். இந்த வாரம் அவர்களுக்கு விடுமுறை. திட்டு வாங்க வேண்டியவள் நான்தான்.

சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காலையில் டோக்கன் கேட்டுப் போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லி அங்கே ஆட்களுக்கு மாளவில்லை. வெளியே யாராவது வீட்டிலிருந்தபடியே அந்த அழைப்புகளை எடுத்துப் பேசினால் தேவலை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அது எப்படியோ ஜுலைகா லாத்தாவின் காதுக்கு எட்டிவிட்டது.

காயல்பட்டினத்தில் அக்காவை லாத்தா என்பார்கள். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். லாத்தா கையில் எடுத்த காரியத்தை லேசில் விடமாட்டார். படித்திருந்தும் வெளியூர் போய் வேலை பார்க்க வாய்க்காத ஒன்பது பெண்களை அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்தே திரட்டிவிட்டார். அவரோடு சேர்த்துப் பத்துப் பேர். வீடு அவருடையதுதான். அந்த ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருப்பார்.

லாத்தாவின் கணவர் மீரான் காக்கா பெரும்பாலும் அந்த வீட்டில் இருந்ததில்லை. அங்கே கணவரை மாப்பிள்ளை என்பார்கள், அண்ணனைக் காக்கா என்பார்கள். வளைகுடாவில் ஒரு கிடங்கில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பு. அப்போது விடுப்பில்தான் வந்திருந்தார். திரும்பிப்போக எட்டு நாள் பாக்கி இருந்தது.

நான் அளவெடுக்கப் போன முதல் நாளே லாத்தா விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"இது மட்டும் அமைஞ்சிட்டுன்னு வையி இசக்கி, அவங்க பயணம் போகவேண்டாம். பஜார்ல சின்னதா ஒரு கடை வச்சி உக்காந்துருவாங்க. வீட்டுல ஒரு வருமானம் நிச்சயம்னு தெரிஞ்சாத்தான் அவங்களுக்குத் துணிச்சல் வரும். கல்யாணம் ஆகி பதினாறு வருஷம் ஆகுது. சேந்து இருந்ததைக் கூட்டிப் பாத்தா ஒண்ணரை வருஷம்கூட வராது."

சொல்லிவிட்டு, "டீ குடிக்கியா?" என்று உள்ளே போய்விட்டார். நான் அளவெடுக்கும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி மேலாளர் கறாரான மனிதர். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் பேசுவதை அவர் கேட்பார். ஒரு குரல் உடைந்தாலும் ஒப்பந்தம் கிடையாது, வேறு ஊர்க்காரர்களுக்குக் கொடுத்துவிடுவார். சோதனை மறுநாள் காலை. அதற்கு முந்தின நாள் முற்பகலில்தான் என் முன்னால் எட்டுக் குரல்கள் ஒன்பதாவது குரலில் இடித்து நொறுங்கின.

அண்ணாச்சியின் மதிப்பீட்டு முறை

ஏன் நொறுங்கின என்று சொல்வதற்கு முன், எங்கள் கடையில் கணக்குப் போடும் அழகைச் சொல்லியாக வேண்டும்.

சுடலை அண்ணாச்சி இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதையும் விட்டதில்லை. ஊரைச் சுற்றி ஒரு நடை போய் வருவார். "இங்கன எட்டுக் குழாய் கட்டணும், பெரிய பெட்டி வேணும்" என்பார். ஆம்ப்ளிபையர் பெட்டியின் முதுகில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதை நம்புவார். அதை ஒலிபெருக்கிக் குழாயின் முதுகில் எழுதியிருப்பதால் வகுப்பார். கணக்கு முடிந்தது. முப்பது வருடம் அந்த வகுத்தல் அவரை ஏமாற்றவில்லை. எந்த ஊர்க் கொடையிலும் வில்லுப்பாட்டு பாதியில் நின்றதில்லை என்று இன்றைக்கும் பெருமை பேசுவார்.

தொலைபேசித் தொழிலுக்கு வந்த பிறகும் அதே முறைதான். பெட்டியில் என்ன எண் போட்டிருக்கிறது, எத்தனை ஆள், பெருக்கு.

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. என் கணக்கு அதைவிடப் பழையது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஸ்ரீவைகுண்டம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். கண்ணாடிக் கூண்டுக்குள் வருகிறவர்கள் எல்லாம் ஊரின் தூரத்துக்குத் தக்கபடி கத்துவார்கள். மதுரைக்கு ஒரு குரல், சென்னைக்கு அதைவிடப் பெரிய குரல். வாழைத்தார் ஏற்றி அனுப்பும் ஒரு வியாபாரி பம்பாய்க்குப் பேசினால் பேருந்துக்கு நிற்கிறவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் அவர் பேசி முடித்து வெளியே வந்தபோது, நின்றிருந்த ஒருவர், "அண்ணாச்சி, தார் நேத்தே போய்ச் சேந்துட்டாம்லா, நல்லது" என்றார். பம்பாயின் பதில்கூட வெளியே கேட்டிருக்கிறது.

அங்கே நான் கற்ற பாடம் ஒன்றே ஒன்று. ஒரு ஆள் பேச ஒரு கம்பி. அந்தக் கம்பி முழுக்க அவர் குரலுக்குத்தான். குரலோடு வேறு எதுவும் அதில் ஏறாது.

அந்த நினைப்போடுதான் காயல்பட்டினத்துக்கும் போனேன். லாத்தா வீட்டு முடுக்கு வரைக்கும் ஃபைபர் கம்பி இன்னும் வரவில்லை. இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். அதனால் மொட்டை மாடியில் ஒரு அலைவாங்கித் தட்டை வைத்து, தூரத்து டவரோடு கம்பியில்லாமல் இணைத்திருந்தோம். வீட்டிலிருந்து வெளியே போகும் பாதையை அளந்தேன். நொடிக்கு இருநூற்றைம்பது கிலோபிட், அதற்கு ஒரு பொட்டுக் கூடுதல். தொலைபேசிப் பெட்டியின் மேல் ஒரு குரலுக்கு எட்டு கிலோபிட் என்று போட்டிருந்தது. பத்துப் பேருக்கு எண்பது.

"மூணு மடங்கு இருக்கு லாத்தா, கண்ணை மூடிக்கிட்டுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டு வந்தவள் நான்தான்.

இருபதுக்கு ஐம்பத்தெட்டு

ஒன்பது பெண்களையும் இறக்கிவிட்டு, எட்டு பேரை மறுபடி ஏற்றினேன். சரியாக இருந்தது. ஒன்பதாவது ஆளை ஏற்றினேன். நொறுங்கியது. ஆளை மாற்றிப் பார்த்தேன், நாற்காலியை மாற்றிப் பார்த்தேன், ஒரு பெண் ராசி பார்த்து வலதுகாலை முன்வைத்துக்கூட உட்கார்ந்து பார்த்தாள். எந்த ஒன்பது ஆனாலும் அதே கதை.

முற்றத்தில் போய் உட்கார்ந்து காகிதத்தை எடுத்தேன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பெட்டியில் போட்டிருந்த எண்ணை நம்பாமல் கணக்குப் போட்டேன்.

இணையத்தில் குரல் ஆற்றுத் தண்ணீர் மாதிரி தொடர்ந்து ஓடாது. அதைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறோம். ஒரு நொடிப் பேச்சு ஐம்பது துண்டாகும். ஒவ்வொரு துண்டும் இருபது பைட், ஒரு பைட்டுக்கு எட்டு பிட். இந்த இருபதைத்தான் பெட்டிக்காரன் எட்டு கிலோபிட் என்று பெருமையாக அச்சடித்திருந்தான்.

துண்டை அப்படியே வெறுமனே அனுப்ப முடியாது. இது எத்தனையாவது துண்டு, எப்போது பேசியது என்று எழுதிய உறை ஒன்று, பன்னிரண்டு பைட். எந்த வாசலில் கொடுக்கவேண்டும் என்று எழுதிய உறை, எட்டு. எங்கிருந்து எந்த முகவரிக்கு என்று எழுதிய உறை, இருபது. கடைசியாகப் பாதையில் ஏற்றுவதற்கு மேலுறை, பதினெட்டு. எல்லாம் சேர்த்து ஐம்பத்தெட்டு.

இருபது பைட் பேச்சுக்கு ஐம்பத்தெட்டு பைட் உறை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் சிரித்தது தப்புதான்.

எழுபத்தெட்டு பைட், நொடிக்கு ஐம்பது தடவை. ஒரு ஆளுக்கு எட்டு இல்லை, முப்பத்தொன்றேகால் கிலோபிட். எட்டு பேருக்கு இருநூற்றைம்பது. பாதை விளிம்பு வரை நிறைந்துவிட்டது. ஒன்பதாவது ஆள் வந்தால் இடமில்லை. இடமில்லை என்றால் அந்த ஒன்பதாவது ஆள் மட்டும் வெளியே நிற்கமாட்டாள். பாதைக்கு எந்தத் துண்டு யாருடையது என்று தெரியாதல்லவா, எல்லோரிடமிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் கீழே தள்ளிவிடும். ஒன்பது பேரும் சேர்ந்து கோழி கொத்தவேண்டியதுதான்.

அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"அப்பம் எட்டு பேரு போதும்னு சொல்லிட்டுப் பைய கிளம்பி வாளா. நாம என்ன வேணும்னா செஞ்சோம்?"

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "நீங்க வந்து சொல்லுங்க அண்ணாச்சி. அவங்க மூஞ்சியப் பாத்து நீங்க சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. அவருக்கும் தெரியும்.

லாத்தாவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். தப்பு என்னுடையது, எட்டுக்கு மேல் இந்தப் பாதை தாங்காது என்றேன். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எட்டுன்னா அந்த மேலாளரு ஒத்துக்கிட மாட்டாரு. அதுபோக ரெண்டு பேத்த எப்படி நான் எழுந்திரிக்கச் சொல்ல? ஒருத்தி புதுச் சேலை எடுத்து வச்சிருக்கா நாளைக்குக் கட்டணும்னு. போன்ல சேலை தெரியாதுளான்னு சொன்னாலும் கேக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கூடத்தைப் பார்த்தபடி, "நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் இருக்குல்லா? பாரு" என்றார். அவ்வளவு நம்பிக்கை என்மேல் வைக்க நான் எதையும் செய்திருக்கவில்லை. அதுதான் வலித்தது.

முப்பத்தாறு கிலோ

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஒருவர் பயணம் கிளம்புகிறார் என்று தெரிந்துவிட்டால், அங்கே வேலை பார்க்கிற தங்கள் வீட்டு ஆண்களுக்குத் தெருவே பொட்டலம் கொடுத்துவிடும். வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு நம் பொட்டலத்தையும் வேறொருவர் சுமந்து போகவேண்டுமே.

பிற்பகலில் நான் முற்றத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்து அறையில் மீரான் காக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். போகப் போகிறாரா இல்லையா என்பது நாளைக்குத்தான் தெரியும். ஆனாலும் கட்டாமல் இருக்க முடியாது, கட்டாவிட்டால் தெரு ஏன் என்று கேட்கும். லாத்தாவும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டியின் பக்கமே அவர் பார்வை போகவில்லை. கை மட்டும் வேலை செய்தது.

கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார் காக்கா. முப்பத்தாறு கிலோ. விமானத்தில் முப்பதுதான் விடுவார்கள்.

"பொருளு கம்மிதான் ஜுலைகா. சுத்தியிருக்கதுதான் எடை" என்று அலுத்துக்கொண்டார். ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடமும் காட்டினார். "இதப் பாரும்மா. உள்ள இருக்கது ஒரு கை மாசிக் கருவாடு. அதுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்குப் பிளாஸ்டிக் பை, பைக்கு மேல பேப்பர், பேப்பருக்கு மேல துணி, துணியத் தச்சி அதுக்கு மேல டேப்பு. அதுக்கும் மேல பேரு, ரூம் நம்பரு, போன் நம்பரு. மாசி வாசம் வந்துரக் கூடாதாம்."

லாத்தா கத்தரிக்கோலை எடுத்தார். "இங்க கொண்டாங்க. இந்த நாலும் யாருக்கு? நாலு பேரும் ஒரே ரூம்லதான கெடக்குதாங்க? அப்பம் நாலுக்கும் எதுக்குத் தனித்தனிச் சட்டை? ஒரே பையில போட்டு, மேல ஒரு தடவ ரூம் நம்பர எழுதுங்க. அவங்க பிரிச்சி எடுத்துக்கிடட்டும்."

கர்ர், கர்ர் என்று டேப் கிழிந்தது. ஊறுகாய், அப்பளம், மாசி, ஒரு பாட்டில் தைலம் எல்லாம் ஒரே பைக்குள் போயின. மற்ற அறைகளின் பொட்டலங்களையும் அப்படியே அறைக்கு ஒரு பையாகக் கட்டினார்கள். கழற்றிப்போட்ட உறைகள் தரையில் ஒரு சின்ன மலையாகக் கிடந்தன. மறுபடி தூக்கியபோது முப்பதுக்குக் கீழே வந்திருந்தது. பொருள் ஒன்றுகூடக் குறையவில்லை.

"அஞ்சாறு ரூமுக்கு உள்ளதையும் ஒரே பையில போட்டுருவமா? இன்னும் எடை குறையும்" என்றார் காக்கா.

"வேண்டாம். ஒரு பை தொலைஞ்சா எல்லாருக்கும் சேத்துல்லா போயிரும்" என்றார் லாத்தா.

நான் எழுந்து ஓடினேன். டீ கிளாஸ் காலில் தட்டி உருண்டது. அதற்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு உறையில் இரண்டு

ஒரு ஆளின் குரல்துண்டுகள் எல்லாமே ஒரே முகவரிக்குத்தானே போகின்றன. ஒவ்வொன்றுக்கும் எதற்குத் தனி உறை? இரண்டு துண்டை ஒரே உறையில் போட்டால் பேச்சு நாற்பது பைட், உறை அதே ஐம்பத்தெட்டு. நொடிக்கு ஐம்பது தடவைக்குப் பதில் இருபத்தைந்து தடவை. பெருக்கிப் பார்த்தேன். ஒரு ஆளுக்கு இருபதுக்கும் கொஞ்சம் குறைவு. பத்துப் பேருக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. பாதை இருநூற்றைம்பது.

இன்னொரு தடவை பெருக்கினேன். பிறகு அண்ணாச்சிக்குப் போன் போட்டு அவரையும் பெருக்கச் சொன்னேன்.

"சரியாத்தான் வருது" என்றார். "இதுல என்னளா சிக்கலு? சும்மா ஒண்ணும் கெடைக்காதே."

சிக்கல் உண்டு. இரண்டாவது துண்டு தயாராகும் வரை முதல் துண்டு காத்திருக்கும். அதனால் பேச்சு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு தாமதமாகும். அது மனிதக் காதுக்குப் பிடிபடாது. உறை ஒன்று வழியில் தொலைந்தால் இரண்டு துண்டு சேர்ந்து போகும், அது காதுக்குத் தெரியும். ஆகவே மூன்று, நான்கு என்று ஆசைப்படாமல் இரண்டோடு நிறுத்தினேன். லாத்தா சொன்ன அதே காரணம்தான்.

பத்துத் தொலைபேசிகளிலும் அந்த அமைப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் இருந்த பெட்டியும் நாங்கள் வைத்ததுதான் என்பதால் அதை அண்ணாச்சி போய் மாற்றினார். சாயங்காலம் பத்துப் பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மீன் ஆணக்காரி விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"ஏளா, புளியக் கரைச்சி ஊத்திட்டாளா இல்லையா, அதக் கேளு முதல்ல" என்றார் அண்ணாச்சி. அப்படியானால் ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது என்று அர்த்தம். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரே ஒரு முன்னேற்பாடு. வீட்டில் இருக்கிற எல்லாச் செல்போன்களும் வைஃபை வழியாக அந்தப் பாதையில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தி வீடியோ கால் பேசினால் போதும், பத்துப் பேரும் காலி. எல்லாவற்றையும் அணைத்து ஒரு பெரிய சஹன் தட்டில் வைக்கச் சொன்னேன். விருந்துக்கு ஐந்தாறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற தட்டு அது. பதினாலு போன் சேர்ந்தது. மீரான் காக்கா தயங்கித் தயங்கி இரண்டு போன் வைத்தார். இரண்டாவது எதற்கு என்று லாத்தா கேட்டதும் அவர் தட்டில் இருந்த போன்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

மேலாளர் பத்து அழைப்புகளை ஒன்றாக அனுப்பினார். ஒவ்வொருவரிடமும் மாறி மாறிக் கேள்வி கேட்டார். ஊர் பெயர், நோயாளி பெயர், எந்த டாக்டர் என்று குறுக்கு விசாரணை. புதுச் சேலைக்காரி அத்தனை நேர்த்தியாகப் பேசினாள், சேலை தெரிந்திருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பாதையில் எவ்வளவு போகிறது என்று காட்டியபடி மடிக்கணினியில் ஒரு கோடு ஓடும்; நான் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றாறு. கோடு அதற்கு மேல் ஏறவில்லை.

அரை மணி கழித்து லாத்தாவின் காதில் அவர் சொன்னார், "நல்லா இருக்கும்மா. ஒண்ணாம் தேதிலேர்ந்து ஆரம்பிச்சிருங்க. கடிதம் இன்னைக்கே அனுப்புதேன்."

லாத்தா, "சரிங்க சார், அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு கூடத்தில் எழுந்த சத்தத்தை எந்தப் பாதையும் தாங்கியிருக்காது.

பதினோராவது அழைப்பு

எல்லோரும் இனிப்பு எடுக்க உள்ளே போனார்கள். லாத்தா மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஹெட்செட்டைச் சரிசெய்துகொண்டு இன்னொரு எண்ணை அழுத்தினார். பயணச்சீட்டு போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டின் எண்.

நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். சோதனையைக் கேட்பதற்காக லாத்தாவின் லைனில் நான் இணைத்திருந்த ஹெட்செட் இன்னும் என் காதில் இருந்ததால் பேச்சு கேட்டது.

"ஒரு டிக்கெட் விஷயமா பேசணும். என் மாப்பிள்ளைக்குப் போட்டது" என்று பெயரையும் தேதியையும் சொன்னார். மேலாளரிடம் பேசிய அதே நிதானமான குரல்.

"ஆமா, இருக்கு. சொல்லுங்க லாத்தா. தேதி மாத்தணுமா, இல்ல ரத்து பண்ணணுமா?"

லாத்தா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

மீரான் காக்கா கூடத்து வாசலில் வந்து நின்றிருந்தார். கையில் கொக்கித் தராசு. அதை எதற்கு எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. லாத்தா அவரைப் பார்த்தார். அவர் தலையை மட்டும் அசைத்தார். லாத்தாவின் கண் நிரம்பிவிட்டது. நேற்று எட்டு என்று சொன்னபோது கலங்காத கண்.

நான் கோட்டைப் பார்த்தேன். அது அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தொலைபேசிகளில் ஆள் பேசினாலும் பேசாவிட்டாலும் துண்டுகள் போய்க்கொண்டேதான் இருக்கும். பேச்சுக்கு என்ன எடையோ, பேசாமல் இருப்பதற்கும் அதே எடைதான். நொடிக்கு இருபத்தைந்து உறைகள், லாத்தா சொல்ல முடியாததைச் சுமந்துகொண்டு ஒன்றுகூடத் தொலையாமல் போய்க்கொண்டிருந்தன.

"ஹலோ? ஹலோ? லாத்தா, லைன் கட்டாயிட்டா?"

லைனைப் பார்த்துக்கொள்வது என் வேலைதானே. மைக்கை வாய்க்கருகே இழுத்து, "லைன் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் பொறுங்க, சொல்லுவாங்க" என்றேன்.

ஏஜென்ட்டும் பொறுத்தார். லாத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மூச்சை இழுத்துவிட்டார்.

"ரத்து பண்ணிருங்க" என்றார். "அவங்க போகல."